ஒரு தெருவையே பேசிக் காட்டும் பெண்: கேத்தரின் டேட் ஷோ

2007 ஜூன் மாதம் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். யூ.கே. பிராசஸ், அதாவது பிரிட்டன் வாடிக்கையாளர்களின் போன்களை எடுக்கும் வேலை. பெங்களூரில் மத்தியானம் ஒன்றரை மணி என்றால் அந்த மாதத்தில் அங்கே காலை ஒன்பது. ராத்திரி முழுக்க விழிக்க வேண்டியதில்லை என்பதால் வீட்டில் சம்மதித்தார்கள். மூன்றாவது நாள் டிரெய்னிங் ரூமில் பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, திரையில் வரும் பெண் என்ன சொல்கிறாள் என்று எழுதச் சொன்னார் எங்கள் டிரெய்னர். பள்ளிச் சீருடையில், தலைமுடியை இழுத்துக் கட்டிய ஒரு பெண். யாருக்கும் அடங்காத முகம். ஒரே சொல்லை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பதினெட்டுத் தாளிலும் வேறு வேறு சொல் இருந்தது. ஒன்றுகூடச் சரியில்லை.

அந்தச் சொல் ‘பாவ்வர்ட்’. நாங்கள் படித்த ஆங்கிலத்தில் அது ‘பாதர்ட்’. லண்டனின் எளிய மக்கள் பேச்சில், சொல்லின் நடுவில் வரும் அந்த ‘த’ ஒலி ‘வ’ ஆகிவிடும். டிரெய்னரும் தமிழர்தான், ஃபிரேசர் டவுன்காரர். அவர் எங்களுக்கு இதை விளக்க வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார். தெற்கே போனால் வாளப்பளம், சென்னையில் வாயப்பயம், ஆனால் எல்லாரும் சாப்பிடுவது ஒரே பழம்தானே, லண்டன்காரர்களின் ‘த’வும் அப்படித்தான் என்றார். அந்தப் பெண் கேட்ட ‘ஆம் ஐ பாவ்வர்ட்?’ என்ற கேள்விக்கு அகராதியைப் பார்த்தால் “நான் கவலைப்படுகிறேனா?” என்று வரும். அவள் கேட்ட தொனிக்கு “எனக்கென்ன வந்துச்சு? என் மூஞ்சியப் பாரு!” என்பதுதான் பொருந்தும்.

கேத்தரின் டேட் ஷோ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் எனக்கு அப்படித்தான் அறிமுகம். பிபிசி டூவில் 2004 பிப்ரவரியில் தொடங்கி 2006 வரை மூன்று தொடர்களாக வந்தது. 2007இல் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும் வந்தது. அரை மணி நேரத்துக்குள் துண்டு துண்டாகப் பல காட்சிகள். எல்லாவற்றிலும் நடுவில் இருப்பவர் கேத்தரின் டேட் ஒருவரே. பள்ளி மாணவி, கிழவி, அலுவலகப் பெண், நர்ஸ், பணக்கார வீட்டு அம்மா, நடுத்தர வயது ஆண் என்று அத்தனையும் அவரே.

ஒரே ஆள் பல வேடம் போடுவது நமக்குப் புதிதில்லை. சிவாஜி 1964இல் நவராத்திரியில் ஒன்பது வேடம் போட்டார், கமல் 2008இல் தசாவதாரத்தில் பத்து போட்டார். சின்ன வயதில் எங்கள் அல்சூர் தெருவுக்குப் பகல் வேஷக்காரர்கள் வருவார்கள். இன்று அனுமார், நாளை போலீஸ்காரர், அடுத்த நாள் சாமியார் என்று வீடு வீடாக வந்து நிற்பார்கள். அவர்களிடம் முதலில் நம்மைப் பிடிப்பது சாயமும் உடுப்பும். டேட்டின் வேலை வேறு இடத்தில் நடக்கிறது. அவருக்கும் விக் உண்டு, மூக்குக்கண்ணாடி உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த ஆள் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம். எங்கள் டிரெய்னர் ஒருநாள் அப்படியே செய்தார். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓட்டினார். மாணவி பேசும்போது சொற்களுக்கு நடுவில் இடைவெளியே இருக்காது, எதிராளி வாய் திறக்க இடம் விடமாட்டாள். கிழவிக்குத் தொண்டையின் அடியில் ஒரு கரகரப்பு, அதிலிருந்து வெடித்து வரும் சிரிப்பு. பணக்கார அம்மா பதறும்போதுகூட ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரிப்பாள். ஒரே தொண்டையிலிருந்து இத்தனை பேர் வருகிறார்கள் என்று எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை.

அந்தக் கிழவியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். லண்டன்காரர்கள் பாட்டியைக் கூப்பிடும் சொல்லே அவளுக்குப் பெயர். தமிழில் எழுதினால் ‘நான்’ என்று ஆகிவிடும், அதனால் ‘நேன்’ என்றே எழுதுகிறேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் பேரன் ஜேமி அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவான். அவனாக நடித்தவர் மாத்யூ ஹார்ன். பேரன் வந்ததும் அவளுக்குத் தாங்காத மகிழ்ச்சி, நல்ல பிள்ளை என்று கொஞ்சுவாள். அக்கம்பக்கத்தில் இருந்தோ உதவி செய்யவோ யாராவது வருவார்கள். அவர்களிடமும் தேன் ஒழுகப் பேசுவாள். கதவு மூடிய அந்தக் கணம் முகம் மாறும். இப்போது போனார்களே, அவர்களுடைய நடை, உடை, குடும்பம், வளர்ப்பு எல்லாவற்றையும் பச்சையாகத் திட்டித் தீர்ப்பாள். என்ன திமிர் பார், என்ன துணிச்சல் பார் என்று பொங்குவாள். அப்புறம் அவளே சிரிப்பாள். பேரனுக்கு உட்காரவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

அந்த முகம் மாறும் கணத்தைத்தான் நான் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு கண்ணில் இருந்து முதலில் போகும், வாயில் இன்னும் அரை நொடி ஒட்டிக்கொண்டு இருக்கும். விருந்தாளி வாசலைத் தாண்டிவிட்டாரா என்று காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் வசவு. முப்பதுகளில் இருந்த ஒரு பெண் எண்பது வயதுக் கிழவியின் காதை நடித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எங்கள் ஆயா அப்படிப்பட்டவள். அம்மாவின் அம்மா. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அல்சூருக்கு வந்து, சோமேஸ்வரர் கோவில் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் பூ விற்றாள். கூடைக்கு முன்னால் நிற்பவரிடம் “வாம்மா மகராசி, பொண்ணு எப்படி இருக்கா?” என்று கேட்டு, முழத்துக்கு மேல் ஒரு விரற்கடை சேர்த்துக் கொடுப்பாள். அவர் நாலு அடி தள்ளிப் போனதும் எங்கள் பக்கம் திரும்பி, “போறா பாரு, மூணு வருசமா ஒரே கடன்” என்பாள். ராத்திரி வீட்டில் வாழை நாரை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, அன்று வந்தவர்களை ஒவ்வொருவராகப் பேசிக் காட்டுவாள். பேரம் பேசும் டீச்சர், பூவை முகர்ந்து பார்த்து வாங்காமல் போகும் அம்மா, கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கும் மளிகைக் கடைக்காரர். விளக்கை அணைத்த பிறகும் அது நடக்கும். இருட்டில் யார் வந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நேனைப் பார்த்ததும் எனக்கு ஆயா நினைவு வந்ததற்கு அந்தத் திட்டு மட்டும் காரணமில்லை. டேட் செய்துகொண்டிருந்த வேலையே ஆயாவின் வேலை.

அலுவலகப் பெண் கேட் இன்னொரு அற்புதம். பக்கத்து மேஜையில் இருக்கும் எல்லன் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். கேட் எதையாவது சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, நீயே கண்டுபிடி பார்க்கலாம் என்பாள். எல்லன் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். கடைசியில் வேறு வழியில்லாமல் எல்லன் ஒரு பதிலைச் சொல்வாள். அது தப்பானால் கேட்டுக்குக் கோபம். சரியாக இருந்துவிட்டால் அதைவிடக் கோபம். எல்லனாக வரும் நடிகை எல்லா கெனியன் பாதி நேரம் ஒன்றுமே பேசுவதில்லை. ஆனால் அவருடைய தோள் இறுகுவதைப் பார்த்தாலே போதும். எங்கள் மேஜை வரிசையில் இப்படி ஒரு அக்கா இருந்தார், தினமும் மூன்று மணி டீ பிரேக்கில் எனக்கு இது நடக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு ஆறுதல். இந்தத் தொல்லைக்கு உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் இத்தனை அக்கறையோடு வடிவம் கொடுத்திருக்கிறாரே என்று.

வடக்கு இங்கிலாந்துத் தம்பதி ஜேனிஸும் ரேவும் வெளியே சாப்பிடப் போன கதையைச் சொல்லி, அங்கே தட்டில் வைத்த புதுமாதிரி உணவையும் அதற்குக் கேட்ட விலையையும் நினைத்து நெஞ்சம் பதறுவார்கள். இதற்கு எந்த விளக்கமும் தேவையில்லை. எம்.ஜி. ரோடு பக்கம் நெய் தோசையின் விலையைப் பார்த்துவிட்டு என் மாமா வீடு வரை புலம்பிக்கொண்டு வந்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ரொட்டி சுடும் கருவி சத்தம் போட்டாலே அலறும் மார்கரெட் ஒரு முறை பார்க்க நன்றாக இருக்கிறாள். அடுத்த முறை அலறல் எப்போது வரும் என்று தெரிந்துவிடுகிறது.

மறுபடியும் அந்த மாணவிக்கு வருகிறேன். லாரன் கூப்பர் என்று பெயர். இங்கிலாந்தில் அவள் எவ்வளவு தூரம் போனாள் என்றால், 2006இல் அந்த ‘பாவ்வர்ட்’டை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2007 மார்ச்சில் ரெட் நோஸ் டே நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக, பிரதமராக இருந்த டோனி பிளேர் அவளோடு நடித்து, அவளுடைய கேள்வியை அவளிடமே திருப்பிக் கேட்டார். பிரதமர் வாயில் அந்தச் சொல் வந்தது எங்கள் டிரெய்னிங் ரூமில் பெரிய பேச்சு. தெருவில் பேசும் ‘வ’, நாட்டின் மிகப் பெரிய பதவியில் இருப்பவர் வாயில்.

எனக்கு அதைவிட முக்கியமானது அதே நிகழ்ச்சிக்காக எடுத்த இன்னொரு காட்சி. புது ஆங்கில வாத்தியாராக நடிகர் டேவிட் டென்னன்ட் வருகிறார். லாரன் வழக்கம்போல அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிறாள். அவருடைய ஸ்காட்லாந்துப் பேச்சையும் விடவில்லை. இவளுக்கு எங்கே ஷேக்ஸ்பியர் ஏறப்போகிறது என்று அவர் முடிவு கட்டும்போது, ஷேக்ஸ்பியரின் 130ஆவது சானெட்டை, அந்தப் பதினான்கு வரிக் கவிதையை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடமாகச் சொல்கிறாள். சொல்லும்போது அவளுடைய லண்டன் பேச்சு மாறவில்லை. அதே அலட்சியம், ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. தொடரிலேயே வரும் பிரெஞ்சு வகுப்புக் காட்சியிலும் இப்படித்தான், திடீரென்று சரளமான பிரெஞ்சில் சண்டை போடுவாள்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்லூரியில் முதல் வருடம் ஆங்கில வகுப்பில் ஒரு கவிதையைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு வரி படித்ததும் உட்காரச் சொல்லிவிட்டு, வேறு ஒருவரை எழுப்பினார்கள். அந்தக் கவிதை முழுவதும் எனக்குத் தெரியும். என் உச்சரிப்பைக் கேட்டு, எனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். லாரன் அந்த சானெட்டைச் சொல்லி முடித்தபோது டிரெய்னிங் ரூமில் நான் கை தட்டினேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொடரில் எனக்குப் பிடிக்காதவையும் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. டேட் எங்கே ஒருவரைக் கூர்ந்து கேட்டிருக்கிறாரோ அங்கே அந்த ஆள் உயிரோடு நிற்கிறார். மேலோட்டமாகக் கேட்ட இடத்தில் உச்சரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அயர்லாந்து நர்ஸ் பெர்னி அப்படிப்பட்டவள். வேலையில் அக்கறையில்லாமல் ஆண்கள் பின்னால் அலைபவள் என்பதைத் தாண்டி அவளைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. கிறிஸ்துமஸ் பகுதியில் பாடகர் ஜார்ஜ் மைக்கேலே வந்து நடித்தும் அவள் வளரவில்லை. அம்மாவோடு வசிக்கும் டெரெக், தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று யாராவது நினைத்துவிட்டால் கொதித்து எழுவார். முதல் இரண்டு காட்சிகளில் அந்த மனிதரின் பயம் தெரிகிறது, மனது கனக்கிறது. பிறகு அந்தப் பயத்தை விட்டுவிட்டுக் கொதிப்பை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் வராத கூட்டத்தில், எனக்குத் தெரியும் என்று எழுந்து நிற்கும் ஒரு பெண்ணின் காட்சி மிகவும் பிரபலம். மேஜையைச் சுற்றிப் பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஒவ்வொருவருடைய மொழியையும் போல வெறும் சத்தம் எழுப்பிக்கொண்டே போவாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்பவரைத்தான் அது சாடுகிறது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கூட்டம் சிரிப்பது அந்தச் சத்தங்களுக்கு. போனில் ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், நான் கேட்ட முகவரியைச் சொல்லாமல், என் பேச்சைப் போலவே சத்தம் எழுப்பிக் காட்டினார். அழைப்பைத் துண்டிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. நான்கு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால் அந்தக் காட்சிக்குச் சிரிக்க முடியாது. அதை மட்டும் நான் தாண்டிவிடுவேன்.

பார்க்க விரும்புபவர்களுக்குச் சில விவரங்கள். யூடியூபில் பிபிசியின் நகைச்சுவைச் சேனலில் நிறையத் துண்டுகள் கிடைக்கின்றன. முதலில் கேட்டின் அலுவலகக் காட்சிகளைப் பாருங்கள், பேச்சு புரிவது எளிது. அடுத்து லாரன். நேனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், காது பழகியிருந்தால்தான் முழுச் சுவையும் கிடைக்கும். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும், அங்கே இரவு ஒன்பதுக்கு மேல் பெரியவர்களுக்காக ஒளிபரப்பானது இது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். முழுத் தொடரையும் ஒரே மூச்சில் பார்ப்பதும் சரிவராது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே அச்சுத்தான், அதனால் வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஹார்ட் செல் தொடரிலும் டேட் பல வேடங்களில் வருகிறார், பெண்கள் சிறையில் நடக்கும் கதை. அதில் கதையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் ஆட்கள் மூச்சு முட்டுகிறார்கள். அதே வருடம் நேனை வைத்து முழுநீளப் படமும் வந்தது. ஐந்து நிமிடத்தில் முழுதாக வாழ்ந்து காட்டிவிடும் ஒருத்திக்கு அவ்வளவு நீளம் தேவையே இல்லை.

டிவிடி வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. டிவிடிகளை நாடு வாரியாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் சாதாரணமாக ஓடாது. பிரிட்டன் வட்டுகள் இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்த என் சித்தப்பா மகன் 2008 பொங்கலுக்கு வந்தபோது முதல் இரண்டு தொடர்களின் வட்டுகளை எனக்காகக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுப் பிளேயர் அவற்றை ஏற்கவே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் பிளேயரையே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்தி, இரண்டே நிமிடத்தில் எல்லா மண்டலமும் ஓடும்படி செய்து கொடுத்தார். அந்தப் பிளேயர் இன்றும் என்னிடம் இருக்கிறது, இந்த வட்டுகளுக்காகவே வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் முதலில் ஓட்டியது நேன் காட்சி. ஆயாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. கடையை விட்டுவிட்டாலும் வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக் கொடுப்பாள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மடியில் கனகாம்பரம், விரலில் நார், கண் டிவியில். விருந்தாளி உள்ளே வந்தபோதே, “அவ போவட்டும், இருக்கு பாரு” என்றாள். கதவு மூடியது. நேன் திட்ட ஆரம்பித்தாள். ஆயா பூவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, “இந்தக் கெழவிக்கு என்னா வயசு?” என்று கேட்டாள். கெழவி இல்லை ஆயா, சின்னப் பொண்ணு, வேசம் போட்டிருக்கா என்றேன். நம்பவில்லை. லாரன் காட்சியை ஓட்டி, இதுவும் அவள்தான் என்றேன். அப்புறம் கேட் வரும் காட்சியை ஓட்டினேன். ஆயா ஒவ்வொரு முறையும் டிவி பக்கம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“இத்தினி பேரை எங்க பாத்தா இவ?” என்றாள்.

எனக்கு அது தெரியும். படித்திருந்தேன். லண்டனில் ப்ளூம்ஸ்பரி பக்கம் அடுக்குக் குடியிருப்பில், அப்பா இல்லாமல், அம்மாவோடு வளர்ந்த பெண் டேட். அம்மாவுக்குப் பூ வியாபாரம். அதைச் சொன்னேன்.

“பூக்கடையா?”

“ஆமா ஆயா.”

“அதான்” என்று சொல்லிவிட்டு, கீழே வைத்த பூவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.